ஆறு பேர் கொண்ட எழுத்துப் பட்டறை: போவதற்கு முன்னும் போய்வந்த பின்னும்

எழுத்துப் பட்டறை என்றால் மேடை, ஒலிபெருக்கி, கீழே நூறு நாற்காலி, கடைசியில் சான்றிதழ் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த வகையும் தேவைதான். நல்ல பேச்சு ஒன்றைக் கேட்ட உற்சாகத்தில் எழுதத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு வகை. எழுதுகிறவர்கள் ஆறு பேர், வழிநடத்த மூத்த எழுத்தாளர் ஒருவர், நடுவில் ஒரு மேசை. ஒவ்வொருவரும் எழுதியதை மற்ற ஐந்து பேரும் முன்கூட்டியே படித்துவிட்டு வரவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கூடி, ஒரே இடத்தில் தங்கி, திங்கள் மதியம் கலைய வேண்டும். பெருநகரம் ஒன்றின் நடுவே அப்படி நடந்த பட்டறையில் கலந்துகொண்டேன். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கதையைப் பற்றி அங்கே பேசப்பட்டவை எனக்கு நிறையவே பயன்பட்டன. அதற்கும் மேலாக என்னை மாற்றியது மற்றவர்களின் கதைகளைப் படித்த விதம். எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருப்பார், அவர் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும் என்று தெரிந்த பின் ஒரு கதையைப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. ஏன் பிடிக்கவில்லை, எந்த வரியில் கவனம் கழன்றது, அந்த வரி அங்கே என்ன செய்ய நினைத்தது என்றெல்லாம் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடல் பழகிவிட்டால் நம் எழுத்தின் மேலும் அது தானாகத் திரும்பும். சிறிய குழுவின் பலன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அதனால்தான் விண்ணப்பிக்கும் முன் அமைப்பாளரிடம் எண்ணிக்கையை முதலில் கேட்கச் சொல்கிறேன். ஒரு கதைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால் ஆறு கதைக்கு ஏழரை மணி நேரம் ஆகும். இரண்டு காலைகளில் அடங்கிவிடும், மதியமும் மாலையும் எழுதக் கிடைக்கும். அதே ஏழரை மணியைப் பதினைந்து பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு அரை மணிதான். அதற்குள் பாராட்டு இரண்டு வாக்கியம், குறை இரண்டு வாக்கியம் என்று ஓட வேண்டியதுதான். பதினான்கு பேரின் கதைகளை இரண்டிரண்டு முறை படித்துவிட்டு வருவேன் என்று யாரும் உறுதி கொடுக்கவும் முடியாது. ஆறு பேர் உள்ள இடத்தில் ஒருவர் படிக்காமல் வந்தால் ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கூச்சமே எல்லாரையும் படிக்க வைக்கிறது. என் கணக்கில் ஐந்திலிருந்து எட்டுவரை சரியான அளவு. நாலு பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட உட்கார்ந்து பேச ஆள் போதாது.

வேறு சிலவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதிகள் எத்தனை நாள் முன்பு கைக்கு வரும்? வழிநடத்துபவரும் எல்லாவற்றையும் படிப்பாரா? அட்டவணையில் எழுதுவதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறதா? அறை தனியா, இருவருக்கு ஒன்றா? வரமுடியாமல் போனால் கட்டிய பணம் என்ன ஆகும்? வசதி இல்லாதவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் எழுதி அனுப்புகிறவரை நம்பிப் போகலாம். “வாங்க, வந்ததும் பார்த்துக்கலாம்” என்கிறவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. பேச்சுக்கு நடுவே எழுதும் நேரம்தான் முதலில் காணாமல் போகும்.

எந்தக் கதையை அனுப்புவது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். ஏற்கெனவே பத்திரிகையில் வந்த கதையை அனுப்பினால் பாராட்டு கிடைக்கும், அதோடு சரி. நேற்றுத் தொடங்கிய கதையை அனுப்பினால் உங்களுக்குப் பதிலாகக் குழுவே அதை எழுத ஆரம்பித்துவிடும். முடிவுவரை எழுதி, சில முறை திருத்தியும் ஆகிவிட்டது, இன்னும் எங்கோ இடிக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை என்ற நிலையில் ஒரு கதை எல்லாரிடமும் இருக்கும். அதுதான் பட்டறைக்கு ஏற்றது. 3000 சொல்லுக்குள் இருப்பது நல்லது. நாவல் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு அத்தியாயத்தை அனுப்பலாம். அதற்கு முன் நடந்தவற்றை அரைப் பக்கத்தில் சுருக்கிக் கொடுத்தால் போதும். முழுக் கதையையும் விளக்கிவிட்டால் படிக்கிறவர் அத்தியாயத்தை விட்டுவிட்டு விளக்கத்தைப் படிப்பார்.

கோப்பு விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். எங்கள் குழுவில் மூத்தவர் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பழகியவர். அந்த எழுத்துரு இல்லாத எங்கள் கணினிகளில் அவருடைய கதை வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் திறந்தது. கல்லூரி முடித்து வந்திருந்த இளைஞர் அதை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொடுத்தார். மாற்றியதில் சில இடங்களில் கொம்பும் காலும் இடம் பெயர்ந்திருந்தன. இருவரும் ஒரு மாலை முழுக்கத் தொலைபேசியிலேயே வரிவரியாகச் சரிபார்த்தார்கள். பழைய எழுத்துருவில் எழுதுகிறவர்கள் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை முழுதும் படித்துப் பார்த்து, பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுவது உத்தமம். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். பக்க எண்ணோடு வரி எண்ணும் போட்டுவிடுங்கள். “அந்த ஆஸ்பத்திரி இடத்துல ஒரு வரி வருமே” என்று ஆளுக்கு ஆள் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும்.

இனி படிப்பதைப் பற்றி. வழிநடத்தியவர் முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். முதல் தடவை பேனா இல்லாமல் படியுங்கள், வாசகராக மட்டும் இருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் விட்டு இரண்டாம் தடவை பேனாவோடு. வேகமாகப் படித்த இடத்தில் ஒரு கோடு, திரும்பப் படிக்க வேண்டியிருந்த இடத்தில் ஒரு வட்டம். பிறகு எழுதியவருக்கு ஒரு பக்கக் கடிதம். அதன் முதல் பத்தியில் பாராட்டும் வேண்டாம், குறையும் வேண்டாம். இந்தக் கதை எதைச் செய்ய முயல்கிறது என்று எனக்குப் பட்டதை மட்டும் எழுத வேண்டும். இந்த முதல் பத்திதான் கடினம். அதுதான் எழுதியவருக்கு அதிகம் பயன்படுவதும். தான் நினைத்த கதையும் வாசகர் படித்த கதையும் வேறு வேறு என்றால் அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

குழுவில் ஒரு செவிலியர் இருந்தார். அவர் கதையில் ஒரு பாட்டி மாத்திரைகளை விழுங்குவதுபோலப் பாவனை செய்து தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். இரவில் எல்லாரும் தூங்கிய பின் எடுத்து எண்ணிப் பார்க்கிறார், பிறகு இன்னொரு முறை எண்ணுகிறார். அடுத்த வரியில், தன் உடம்பின் மேல் தனக்கு இன்னும் அதிகாரம் இருக்கிறது என்று அவள் உணர்ந்தாள் என்று இருந்தது. முதல் தடவை படித்தபோது நல்ல வரியாகவே பட்டது. இரண்டாம் தடவை அந்த வரியில் வட்டம் போட்டிருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. இரண்டாம் முறை எண்ணும்போதே பாட்டியின் அதிகாரம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த வரி அதை எடுத்துச் சொல்லி, நானாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. இதை எழுதி முடித்த கையோடு என் கதையை எடுத்துப் பார்த்தேன். ஒரு செயல், உடனே அதற்கு விளக்கமாக ஒரு வரி என்று அங்கும் வரிசையாக இருந்தன. அடித்தபோது கதை ஒரு பக்கத்துக்கு மேல் குறைந்தது. பட்டறை அப்போது தொடங்கவே இல்லை.

பெருநகரத்தில் தங்குவதில் வசதி உண்டு, இடைஞ்சலும் உண்டு. ரயிலோ விமானமோ எளிதில் கிடைக்கும், நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் பக்கத்தில் மருத்துவமனை இருக்கும். ஆனால் தெரிந்தவர்கள், உறவினர்கள், பழைய நண்பர்கள் எல்லாரும் அதே ஊரில்தான் இருப்பார்கள். “இவ்வளவு தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போனா எப்படி?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பட்டறை முடிந்த அன்று மாலை வருகிறேன், அதுவரை என்னைக் கூப்பிட வேண்டாம் என்று. புத்தகக் கடை, அருங்காட்சியகம், நாடகம் எல்லாவற்றையும் அந்தக் கடைசி மாலைக்கே தள்ளிவிடலாம். முடிந்தால் முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் சிக்கி வந்து இறங்குகிறவரால் முதல் அமர்வில் காதுகொடுத்துக் கேட்க முடிவதில்லை. சத்தம் உறுத்துகிறவர்கள் காதடைப்பான் எடுத்துப் போகலாம். எங்கள் விடுதிக்கு எதிரே கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது, எனக்குக் காதடைப்பான்தான் கைகொடுத்தது. கைபேசிகளைக் காலை அமர்வு முடியும்வரை கூடத்தில் இருந்த மரப்பெட்டியில் போட்டுவிடுவது என்று எங்களுக்குள் முடிவெடுத்தோம். அவசரத்துக்கு விடுதியின் எண்ணை வீட்டில் கொடுத்திருந்தோம்.

நகரத்தை வெளியே நிறுத்திவிட்டு எழுதுவது ஒரு பாதி. அதையே எழுதுபொருளாக்குவது இன்னொரு பாதி. பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1974 அக்டோபரில் பாரிஸின் சேன்-சுல்பீஸ் சதுக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். எந்த எண் பேருந்து போகிறது, புறாக்கள் எப்போது எழும்பின, யார் கையில் என்ன பை என்று. யாரும் பெயர் கொடுத்துக் குறித்து வைக்காதவை, ஒன்றும் நடக்காதபோது நடக்கிறவை, அவைதான் அவருக்கு வேண்டியிருந்தன. சனிக்கிழமை மாலை எங்களையும் வழிநடத்தியவர் பக்கத்துச் சந்திப்புக்கு அனுப்பினார். நாற்பது நிமிடம், ஒரே ஒரு விதி: கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், ஊகம் கூடாது. ‘களைத்துப்போன பெண்’ என்று எழுதக் கூடாது. அவள் என்ன செய்தாள் என்பதை எழுதலாம்.

திரும்பி வந்து ஆளுக்கு ஒரு பக்கம் வாசித்தோம். ஒரே சந்திப்பு, ஒரே நாற்பது நிமிடம், ஆறு பக்கங்களும் வேறு வேறு ஊர்களைப் போல இருந்தன. வங்கிக்காரர் கைகளை மட்டுமே எழுதியிருந்தார்: சில்லறை வாங்கும் கை, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்த கை, சிக்னலில் நின்றபடி கண்ணாடியை மடக்கும் கை. மொழிபெயர்ப்பாளரான ஒரு பெண் பாதிப் பேச்சுகளைத் தொகுத்திருந்தார். “அப்ப நான் சொன்னது...” “இல்ல, அது போன மாசம்.” தலைக்கவசத்தைக் கழற்றாமலே கைபேசியை உள்ளே செருகிப் பேசிய ஒருவரை மூன்று பேர் எழுதியிருந்தோம். அவர் இன்னொரு கையில் ஒரு மல்லிகைச் செடி வைத்திருந்ததை நாவல் எழுதும் நண்பர் மட்டுமே பார்த்திருக்கிறார். என் பக்கத்தில் நிறமும் அசைவும் இருந்தன, ஒலி ஒன்றுகூட இல்லை. அவ்வளவு இரைச்சலான இடம் அது. எழுதும்போது என் காது மூடிக்கொள்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் ஒரு காட்சியை முடித்ததும் அங்கே என்ன கேட்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அமர்வுகள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் எழுத்துப் பட்டறை தொடங்கியது. பிரதியை மேசையில் வைத்துக் குழுவாக அலசுவது பல்கலைக்கழகப் படிப்பாக வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் கூடினார்கள். ஒவ்வொருவராகச் சுற்றில் பேசுவது, அதுவரை எழுதியவர் வாய் திறக்காதிருப்பது, கடைசியில் அவருக்குப் பதில் சொல்ல நேரம் தருவது என்ற முறைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்காக 1968-ல் தொடங்கிய கிளேரியன் பட்டறையும் அதே வழியில் நடந்தது. இதற்கு நேர் எதிரான முறை ஒன்றும் இருக்கிறது. நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்தது. அதில் நாலு படிகள். பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று முதலில் சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள், தங்கள் கருத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியாக, “இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்கிறீர்களா?” என்று படைத்தவரின் அனுமதி வாங்கிக்கொண்டு சொல்வார்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

எங்கள் குழுவில் இரண்டும் நடந்தன. எது வேண்டும் என்று கதைக்குரியவரே முந்தைய இரவு சொல்லிவிடலாம். என் அனுபவத்தில், இன்னும் உருவம் கூடாத கதைக்கு லெர்மன் முறை நல்லது. அது கதையைக் காயப்படுத்தாமல் வளர விடுகிறது. ஓரளவு முடிந்த கதைக்கு மௌனமாக உட்கார்ந்திருப்பதே நல்லது. எழுதியவர் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இல்லாததையெல்லாம் வாயால் சொல்லி நிரப்புவார், வாசகர்களும் தலையாட்டிவிடுவார்கள். பத்திரிகையில் படிக்கிறவருக்கு அந்த வாய் விளக்கம் கிடைக்காது. மௌனத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருந்தோம். கதையில் உள்ள ஒரு தகவலைக் குழு தவறாகப் புரிந்துகொண்டு, அதன் மேலேயே பேச்சு வளர்ந்துகொண்டு போனால், எழுதியவர் கையைத் தூக்கி ஒரே வாக்கியத்தில் திருத்தலாம்.

நான் மௌனத்தைக் கேட்டிருந்தேன். என் கதையில், பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவின் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடத் தம்பி வருகிறான். முதலில் இரண்டு பக்கம் இருவரின் பால்யம், மூன்றாம் பக்கத்தில் படிவம். பேனாவை எடுக்கிறான், கீழே வைக்கிறான், மறுபடி எடுத்துக் கையெழுத்திடுகிறான். சுற்று தொடங்கியது. ஆரம்பம் இழுக்கிறது, படிவத்திலிருந்தே தொடங்கலாம் என்றார் நாவல் எழுதுகிறவர். பால்யம்தான் கதையின் உயிர், இன்னும் ஒரு பக்கம் வேண்டும் என்றார் மொழிபெயர்ப்பாளர். பேனாவைக் கீழே வைப்பது சினிமாத்தனம் என்றார் இளைஞர். வங்கிக்காரர் கையெழுத்துகளோடே வாழ்ந்தவர். “ஒருத்தர் பேனாவைக் கீழ வைக்கிறார்னா பெரும்பாலும் எழுதியிருக்கறதைப் படிக்கத்தான். இவன் படிச்சானா?” என்று கேட்டார். மூன்று பேர் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்ல, நாலாமவர் கேள்வி கேட்க, எனக்குத் தலை சுற்றியது.

செவிலியரின் முறை வந்தது. “தம்பி, நோயாளி நினைவோட இருந்தா சம்மதத்தை அவங்ககிட்டயேதான் வாங்குவாங்க. கூட இருக்கறவங்ககிட்ட வாங்கறாங்கன்னா அவங்களால முடியாத நிலைன்னு அர்த்தம். உங்க கதையில அவங்க அதுக்கு முன்னாடி தம்பியைப் பார்த்துச் சிரிக்கறாங்க. அதை எடுத்துடுங்க, அவன் வரும்போது அவங்க நினைவில்லாம இருக்கட்டும். இன்னொண்ணு, நாங்க வாங்கற படிவத்துல சாட்சிக்கும் ஒரு கையெழுத்து இடம் இருக்கும். அங்க யார் கையெழுத்துப் போட்டாங்க?”

வழிநடத்தியவர் அதற்கு மேல் யாரையும் பேசவிடவில்லை. எல்லாரையும் மூன்றாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். “ஆளுக்கு ஒரு காரணம் சொன்னீங்க. ஆனா எல்லாருக்கும் கால் தட்டினது இந்தப் பத்து வரியிலதான். தம்பி, காரணங்களை மறந்துடுங்க. இடத்தைக் குறிச்சுக்குங்க” என்றார். பட்டறையில் கேட்ட சொற்களில் எனக்கு மிகவும் பயன்பட்டவை இவை. வாசகர் இடறும் இடத்தைச் சரியாகக் காட்டுவார், ஏன் இடறினார் என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபடுவார். இழுக்கிறது, போதவில்லை, நம்ப முடியவில்லை என்று மூன்று விதமாக வந்தது ஒரே குறைதான். தம்பி கையெழுத்திடுவதை அந்த அறையில் வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லாததால் அவனுக்குத் தயங்கவோ மறைக்கவோ ஒன்றும் இல்லை. பேனாவை வைத்து நானே தயக்கத்தை உண்டாக்கியிருந்தேன். சாட்சியாக அக்காவோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். அக்காவின் இப்போதைய வாழ்க்கை முழுதும் தெரிந்தவள், தம்பி என்று ஒருவன் இருப்பதே தெரியாதவள். அவள் “நீங்க யாரு?” என்று கேட்டதும் கதை புதிதாகத் தொடங்கிவிட்டது. பால்யம் இரண்டு பக்கத்திலிருந்து எட்டு வரியானது, அதுவும் அவளுக்கு அவன் சொல்லும் பதிலுக்குள்.

இன்னொரு பயிற்சியையும் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் கதையை நாம் வாசிக்காமல் பக்கத்தில் இருப்பவரை உரக்க வாசிக்கச் சொல்வது. நாம் வாசித்தால் எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் அழுத்த வேண்டும் என்று நமக்குத் தெரியும், அதனால் குறைகளைக் குரலிலேயே மூடிவிடுவோம். அடுத்தவர் காகிதத்தில் உள்ளதை மட்டும் வாசிப்பார். தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போக முடியும். ‘படியேறி வந்து, கதவைத் தள்ளி, உள்ளே எட்டிப் பார்த்து, யாரும் இல்லாததால் திரும்பி நடந்து, மறுபடி நின்று’ என்று என் வாக்கியம் ஒன்று நீண்டது. இளைஞர் அதை வாசித்தபோது ‘திரும்பி நடந்து’ என்ற இடத்தில் மூச்சு முட்டி நிறுத்தினார். அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன். உரையாடலிலும் இதே சோதனை பலன் தரும். பேச்சுவழக்கில் எழுதிய வரி வாசிப்பவர் வாயில் தன்னியல்பாக வராமல் எழுத்துத் தமிழாக மாறிவிட்டால், அந்தப் பாத்திரம் இன்னும் தன் சொந்தக் குரலில் பேசத் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 

குழு நன்றாக நடக்க சில ஒழுங்குகள் தேவை. முதல் சுற்றில் ஆளுக்கு நாலு நிமிடம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு அதில் கிடையாது. இல்லாவிட்டால் கூச்ச சுபாவம் உள்ளவர்களின் கருத்து கடைசிவரை வெளியே வராது. எங்கள் மேசையில் மிகக் கூர்மையாகப் படித்தவர் மிகக் குறைவாகப் பேசுகிறவர்தான். “நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் “எந்த வரி?” என்று கேட்பது வழக்கமானது.

தன்வரலாற்றுச் சாயல் உள்ள எழுத்து வந்தால் ‘நீங்கள்’ என்று சொல்லக் கூடாது, ‘கதைசொல்லி’ என்றுதான் சொல்ல வேண்டும். இதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். “நீங்க ஏன் உங்க அப்பாகிட்ட அப்படிப் பேசினீங்க?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன் வாழ்க்கைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். “கதைசொல்லி ஏன் அப்படிப் பேசுகிறாள்?” என்று கேட்டால் அவர் தன் எழுத்துக்குப் பதில் தேடலாம். இழப்பைப் பற்றி எழுதியிருந்த ஒருவர் அமர்வின் நடுவே குரல் தழுதழுத்து நின்றார். யாரும் ஆறுதல் சொல்லி மேலே விழவில்லை. வழிநடத்தியவர் கால் மணி இடைவேளை விட்டார், தொடர வேண்டுமா என்று அவரிடம் தனியாகக் கேட்டார். அவர் தொடரச் சொன்னார். மேசையில் கேட்டதை வெளியே பேசுவதில்லை, அடுத்தவர் பிரதியைப் படம் பிடிப்பதில்லை, பட்டறை முடிந்ததும் கடிதத்தோடு பிரதியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துக் கணினியிலிருந்து கோப்பை அழித்துவிடுவது என்ற ஒப்பந்தமும் இருந்ததால்தான் அப்படி எழுதியதை அவரால் எங்கள் முன் வைக்க முடிந்தது.

இரண்டாம் நாள் மதியம் உடம்பும் மனமும் சோர்ந்துபோகும். இதை எதிர்பார்த்தே போங்கள். அத்தனை கவனமாகக் கேட்பது கடும் உழைப்பு. அந்த மதியத்தில் புதிதாக எதையும் எழுத முயலாமல் தூங்குவது, தனியாக நடப்பது இரண்டும் நல்லது. இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருக்க ஆசை வரும். ஓர் இரவு அப்படிப் பேசலாம், மறுநாள் யாருடைய கதை முதலில் என்று பார்த்துக்கொண்டு. அவருக்கு நாம் விழிப்போடு இருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திரும்பி வந்ததும் கதையைத் திறந்துவிடாதீர்கள். கேட்டவற்றை அன்றிரவே எழுதி வைத்துவிட்டு ஒரு வாரமாவது தள்ளிப் போடுங்கள். பிறகு ஐந்து கடிதங்களையும் விரித்து வைத்து, எல்லாருடைய வட்டங்களையும் ஒரே பிரதியில் வேறு வேறு நிறத்தில் மாற்றிப் போடுங்கள். இரண்டு நிறம் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களை முதலில் கவனியுங்கள். ஒற்றை நிறத்தில் நிற்பவற்றில் சிலவற்றைப் படித்ததும் ‘ஆமாம்’ என்று மனம் சொல்லும், அவற்றை எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை நன்றியோடு விட்டுவிடலாம். எல்லார் சொன்னதையும் ஏற்றுத் திருத்திய கதை ஐந்து பேருக்கும் பிடித்ததாகவும் யாருக்கும் சொந்தமில்லாததாகவும் ஆகிவிடும்.

பட்டறைக்குப் போக நேரமோ பணமோ வாய்க்காதவர்கள் தாங்களாகவே ஒரு குழுவைத் தொடங்கலாம். எழுதுகிறவர்கள் ஐந்து பேர் போதும், ஒரே ஊரில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஆறு பேரும் இப்போது மாதம் ஒருமுறை காணொளியில் கூடுகிறோம். கூட்டத்துக்கு இரண்டு கதைகள். பிரதி ஒரு வாரம் முன்பே வந்துவிட வேண்டும், கடிதம் கூட்டத்துக்கு முந்தைய நாள். மணி பார்ப்பவர் மாதாமாதம் மாறுவார். வழிநடத்துபவர் என்று தனியாக ஒருவர் இல்லாததால், எல்லாரும் பேசி முடித்த பின் ‘இடத்தைக் குறிக்கிற’ வேலையையும் மணி பார்ப்பவரே செய்கிறார். யாராவது சொன்ன தேதிக்குள் கதை தராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப் போடுவதில்லை. இருக்கிற ஒரு கதைக்கே முழு நேரத்தையும் கொடுத்துவிடுகிறோம்.